சாபக் கதைக்குக் கீழே ஒரு கிராமம்

ஹாம்ப்டன் கே என்று ஓர் ஊர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே, கிட்லிங்டனைத் தாண்டி, செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர் என்று சொல்ல அங்கே ஒரு பண்ணை, சில வீடுகள், வயல் நடுவே தனியாக நிற்கும் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம், கூரை போய்ச் சுவர் மட்டும் மிஞ்சிய ஒரு பழைய மாளிகை, அவ்வளவுதான். தேவாலயத்துக்குத் தார்ச்சாலை கிடையாது. புல்வெளியில் நடந்துதான் போகவேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் வசிக்கிறேன் என்றாலும் இந்த ஊரின் பெயர் எனக்குத் தெரியவந்தது ஜியோகேச்சிங் மூலமாகத்தான். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் கைபேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ எடுத்துக்கொண்டு தேடிப்போய், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். விளையாட்டு இதுதான். பரிசு ஒன்றும் கிடையாது. பெரிய பெட்டியாக இருந்தால் உள்ளே சிறுவர்களுக்கான பொம்மை, கோலிக்குண்டு மாதிரி ஏதாவது இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்கவேண்டும்.

இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகான சமிக்ஞையைத்தான் கொடுத்துவந்தன. நீங்கள் நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று கிளின்டன் அரசு அந்தப் பிசகை நீக்கியது. மறுநாளே, மே 3, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கணினித் துறைக்காரர் ஒரு வாளியைக் காட்டுப் பக்கம் பாதி புதைத்து வைத்துவிட்டு எண்களை வெளியிட்டார். உள்ளே புத்தகம், மென்பொருள், உண்டிவில் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு பீன்ஸ் டின். சில நாளுக்குள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. புதைப்பது மட்டும் இப்போது விதிப்படி கூடாது. மண்ணைத் தோண்டக்கூடாது, செடியை ஒடிக்கக்கூடாது, நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.

இங்கிலாந்துக்கு இந்த ஆசை புதிதில்லை. 1854-லேயே டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில் ஒரு ஜாடியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதுவே பின்னால் லெட்டர்பாக்ஸிங் என்ற பழக்கமாக வளர்ந்தது.

இந்த நாட்டில் ஜியோகேச்சிங்குக்கென்று ஒரு தனிச்சுவை உண்டு. 'சர்ச் மைக்ரோ' என்று ஒரு வரிசை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான தேவாலயங்களின் பக்கத்தில் ஒளித்த குட்டிப் பெட்டிகள். பெரும்பாலும் பழைய ஃபிலிம் ரோல் டப்பா அளவுதான் இருக்கும். பொதுவாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைப்பதில்லை; மதிலுக்கு வெளியே வேலி மூலையிலோ ஒற்றையடிப் பாதை ஓரத்திலோதான் இருக்கும். ஆனால் பலவற்றில் எண்கள் நேராகக் கையில் வராது. மதிலில் பதித்த பலகையின் ஆண்டு என்ன, கதவருகே உள்ள கல்லறையில் இறந்தவரின் வயது என்ன, மணிகள் எத்தனை என்று கேள்வி இருக்கும். விடைகளைக் கூட்டிக் கழித்தால்தான் கடைசி எண் கிடைக்கும். பெட்டிக்காக வந்தவர் கல்வெட்டைப் படித்தே ஆகவேண்டும். வேகமாகக் கடந்துபோகும் மனிதர்களை ஒரு கல்லின் முன்னால் குனியவைக்கும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்திருந்தாலும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இங்கிலாந்தின் கிராம வரலாற்றில் எனக்குத் தெரிந்தது பாதிக்கு மேல் இப்படிக் குனிந்து தெரிந்துகொண்டதுதான்.

ஹாம்ப்டன் கேக்கு ஒருமுறை மகளையும் அழைத்துப் போனேன். ஷிப்டன்-ஆன்-செர்வெல் பக்கமிருந்து நடந்தோம். அங்கே கால்வாயும் ஆறும் ரயில் பாதையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. கால்வாய் 1790-ல் ஆக்ஸ்ஃபோர்டை எட்டியது. இந்தப் பக்கம் ரயில் 1850-ல் வந்தது. வயலைத் தாண்டித் தேவாலயத்தை அடைந்ததும் அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்கே யாருமே இல்லையே, யாருக்குப்பா கோயில் கட்டினாங்க?"

இந்த ஊரைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்.

இந்தப் பக்கத்தில் நடப்பவர்களிடம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். கதை இப்படிப் போகிறது. 1874 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ரயில் விபத்து. அடிபட்டவர்களுக்கு இடம் தர மாளிகைவாசிகள் மறுத்துவிட்டார்கள். சாகும் தறுவாயில் இருந்தவர்கள் சாபமிட்டார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, 1887-ல், மாளிகை தீப்பற்றி எரிந்தது. ஊரும் பாழானது.

விபத்தும் உண்மை, தீயும் உண்மை. லண்டன் பேடிங்டனிலிருந்து பிர்க்கன்ஹெட் போகும் ரயில் அது, கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தினுடையது. பண்டிகைக் கூட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆட்கள் நிரம்பி வழிந்ததால் நான்கு சக்கரங்கள் மட்டுமே கொண்ட ஒரு பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டியை இஞ்சினுக்குப் பின்னால் சேர்த்தார்கள். ஷிப்டன் அருகே அதன் ஒரு சக்கரத்தின் இரும்புப் பட்டை உடைந்தது. அந்தக் காலத்தில் சக்கரத்தின் மேல் பட்டையை ஆணியடித்துப் பொருத்துவார்கள். உடைந்தால் பட்டை கழன்று தனியே பறக்கும். பெட்டி தடம்புரண்டும் ரயில் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபத்து புரிந்து இஞ்சின் பக்கம் பிரேக் போட்டபோது, பின்னால் வந்த கனமான பெட்டிகளுக்குத் தாமாக நிற்க வழியில்லை. எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே பிரேக் என்பது அந்த ரயிலில் இல்லை. முன்னால் இருந்த அந்தச் சின்னப் பெட்டி நொறுங்கியது. மற்றவற்றில் பல சரிவில் உருண்டன. 34 பேர் இறந்தார்கள். அரசு சார்பில் விசாரித்த கர்னல் யோலண்ட் சக்கரத்தின் பொருத்தத்தையும் பிரேக் ஏற்பாட்டையும்தான் குற்றம் சொன்னார். பட்டை உடைந்தாலும் கழன்று போகாத மேன்செல் சக்கரம் போன்றவை பரவுவதற்கு இந்த மாதிரி விபத்துகள் காரணமாயின. தொடர் பிரேக்கைச் சட்டம் கட்டாயமாக்க 1889 ஆகிவிட்டது. அதற்குள் அயர்லாந்தின் ஆர்மாவில் இன்னொரு கோரம் நடக்கவேண்டியிருந்தது.

தேவாலயத்தின் மதிலருகே நின்றால் ரயில் கடகடவென்று மிகப் பக்கத்தில் போகிறது. சாபக் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்று அங்கே நின்றால் புரியும். இந்தப் பக்கம் ரயில் பாதை, அந்தப் பக்கம் எரிந்த வீடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மனம் ஏதாவது சொல்லி நிரப்பத்தான் பார்க்கும்.

ஆனால் அந்த மாளிகையில் 1874-ல் சீமான் யாரும் இல்லை. வீடு அதற்குள் இரண்டு குடித்தனங்களாகப் பிரிந்துபோயிருந்தது. ஊருக்கு வேலை கொடுத்தது ஆற்றங்கரை ஆலை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே காகிதம் செய்தார்கள். 1875-ல் அந்த ஆலை எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 1887-ல் நடத்தியவர்கள் திவாலானார்கள். காகிதத் தொழில் நின்றது. அதே வருடம்தான் மாளிகையும் எரிந்தது. வேலை போனால் ஆட்கள் போவார்கள். இதற்குச் சாபம் தேவையில்லை.

சாபக் கதையின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்த ஊரில் நிஜமாகவே ஒரு மாளிகைக்காரரின் மேல் ஊரார் கொதித்தெழுந்தது நடந்திருக்கிறது. ரயில் விபத்துக்கு இருநூற்றெழுபத்தெட்டு வருடம் முன்னால். அந்தக் கதை மிகப் பெரியது, இங்கிலாந்தின் சட்டத்தையே தொட்டது. அதைச் சொல்பவர் குறைவு. பேய்க் கதை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மாளிகைக்குப் பக்கத்து வயலில் மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்கவேண்டும். புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக வரிகள் தெரியும். நடுவில் கொஞ்சம் ஆழமாக ஒரு நீளப் பள்ளம் போகும், அது தெரு. அதன் இருபக்கமும் சதுரம் சதுரமாக மேடுகள். அவை வீட்டு மனைகள். இடைக்காலத்தில் இங்கே ஒரு முழுக் கிராமம் இருந்தது. 1086-ன் டூம்ஸ்டே பதிவேட்டில் ஊரின் பெயர் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் இங்கே நிலம் வைத்திருந்த டி கே குடும்பத்திலிருந்துதான் பெயரின் பின்பாதி வந்தது. பிறகு நிலம் ஆஸ்னி மடத்துக்குப் போனது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது விற்பனைக்கு வந்தது. 1544-ல் எய்ன்ஷமைச் சேர்ந்த ஜான் பாரி வாங்கினார். 'ஈ' எழுத்து வடிவில் அந்த மாளிகையை எழுப்பியது பாரி குடும்பம்.

நூற்றாண்டின் கடைசியில் மாளிகைக்காரர் வின்சென்ட் பாரி. அப்போது பல நிலவுடைமையாளர்கள் செய்ததை அவரும் செய்தார்: உழவு நிலத்தை வேலி போட்டு அடைத்து ஆட்டு மேய்ச்சலாக்கினார். கம்பளியில் காசு நிறைய, கூலி குறைவு. நூறு ஏக்கர் உழ எத்தனை பேர் வேண்டும், நூறு ஏக்கரில் ஆடு மேய்க்க எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி உழவை அழிப்பதைத் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று 1593-ல் நாடாளுமன்றம் அவற்றைத் தளர்த்தியது. அதற்கு அடுத்த வருடத்திலிருந்தே மழை பெய்து கெடுத்தது. 1594, 1595, 1596 என்று தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

1596-ன் இலையுதிர் காலத்தில் பார்த்தலோமியூ ஸ்டீர் என்ற தச்சரும் ரோஜர் இபில் என்ற மாவாலைக்காரரும் பேச ஆரம்பித்தார்கள். இருவரும் ஹாம்ப்டன் கேக்காரர்கள். ஸ்டீருக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. தொழில் தெரிந்தவர், அவர் பட்டினி கிடக்கவில்லை. கிடந்தவர்களுக்காகவே கிளம்பியதாக விசாரணையில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. இபிலின் தொழில் ஊர் ஊராகப் போகும் தொழில். அரைக்க வருபவர்கள் ஆலையில் என்ன பேசுவார்கள்? விலையைத்தான் பேசுவார்கள். அங்கேயும் சந்தைகளிலும் ஆட்களைச் சேர்க்கும் பேச்சு நடந்தது. வேலிகளைப் பிடுங்கி எறிவது, பாரியையும் அவர் மகளையும் வெட்டுவது, ரைகோட்டில் இருந்த நோரிஸ் பிரபுவின் மாளிகையில் ஆயுதங்களை எடுப்பது, லண்டனுக்கு நடந்து அங்கே கொதித்துக்கொண்டிருந்த தொழில்பழகும் இளைஞர்களோடு சேர்வது என்பது திட்டம். ஸ்பெயினில் மக்கள் சீமான்களைக் கொன்றுவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று ஸ்டீர் சொல்லி வந்தாராம். எங்கிருந்து அவருக்கு அந்தச் சேதி வந்ததோ! அப்படி எதுவும் ஸ்பெயினில் நடக்கவில்லை. ஒரு பெண்ணையும் கொல்லத் துணிந்த திட்டத்தை நான் போற்றவில்லை. ஆனால் எந்த அளவுக்கு நெஞ்சு எரிந்தால் ஒரு தச்சர் இப்படி யோசிப்பார் என்பதைப் பார்க்காமல் போகவும் என்னால் முடியவில்லை.

கூடும் இடமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது என்ஸ்லோ குன்று. ஹாம்ப்டன் கேயிலிருந்து ஆற்றோரமாக வடக்கே நடந்தே போய்விடலாம். 1549-ல் எழுந்த மக்களும் அங்கேதான் கூடினார்கள் என்ற நினைவு ஊரில் இருந்தது. அவர்கள் பேச்சை நம்பிக் கலைந்து போனார்கள், பின்னால் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அதனால் இந்த முறை இறங்கிப் போகக்கூடாது என்பது ஸ்டீரின் உறுதி.

நூற்றுக்கணக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். நவம்பர் இரவில் குன்றுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். அதற்கு முன்பே ரோஜர் சைமண்ட்ஸ் என்ற இன்னொரு தச்சர் விஷயத்தை வின்சென்ட் பாரியிடம் சொல்லியிருந்தார்.

ஒரு வேலியும் விழவில்லை. ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் அரசு நடுங்கியது. பிடிபட்டவர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். சித்திரவதை செய்து விசாரிக்க, அரசியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் அனுமதி கொடுத்தது. அரசின் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் கோக் இதை ராஜத்துரோகம் என்று வாதாடினார்: வேலி பிடுங்கத் திட்டமிட்டதே அரசிக்கு எதிரான போர்! பின்னாட்களில் குடிமக்கள் உரிமையின் காவலர் என்று புகழப்பட்ட அதே கோக்தான். பிடிபட்டவர்களில் ரிச்சர்ட் பிராட்ஷா என்ற மாவாலைக்காரரையும் ராபர்ட் பர்ட்டன் என்ற கொத்தனாரையும் 1597-ல் அதே என்ஸ்லோ குன்றில் தூக்கிலிட்டு, குடல் உருவி, நாலாக வெட்டினார்கள். ஸ்டீருக்கும் இபிலுக்கும் தண்டனை நிறைவேறியதாகப் பதிவில்லை. சிறையிலேயே செத்திருக்கவேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

மறுபக்கம் அதே பிரிவி கவுன்சில், வேலி போட்டவர்களையும் விசாரிக்கச் சொன்னது. பாரியோடு வாட்டர் ஈட்டனின் ஃப்ரியரும் பிளெட்சிங்டனின் பவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1597 நாடாளுமன்றத்தில் ஃபிரான்சிஸ் பேக்கன் வேலியடைப்பால் ஊர்கள் காலியாவதற்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். உழவைக் காக்கவும் குடியானவர் வீடுகளைக் காக்கவும் இரண்டு சட்டங்கள் வந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் ஓர் இரவு குன்றில் நின்றதற்கு இதிலே பங்கு உண்டு. கேட்டவர்களைக் கொன்றுவிட்டுக் கேட்டதில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

செயின்ட் ஜைல்ஸ் 18-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டிய தேவாலயம். ஆனால் பாரி குடும்பத்தின் நினைவுச் சிற்பத்தைப் பாதுகாத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். முழந்தாளிட்டு வணங்கும் உருவங்கள். ஸ்டீருக்கும் இபிலுக்கும் அங்கே ஒரு கல்லும் கிடையாது. மகளுக்கு நான் சொன்ன பதில் இந்தக் கதைதான். தெருப்பள்ளத்தில் நடந்துகொண்டே சொன்னேன். இங்கே நின்று உழுதவர்களுக்காகக் கட்டிய கோயில் இது என்றேன். "அப்ப அவங்க பேர் எங்கே இருக்கு?" என்றாள். லண்டனில், அவர்களை விசாரித்தவர்களின் காகிதத்தில் என்றேன்.

ஜியோகேச்சிங்காரர்களிடம் நான் கேட்பது இதைத்தான். பெட்டி வைக்கும்போது ஊர்க் குறிப்பு எழுதுகிறோம். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் வந்து நிற்கப்போகிறார்கள். வேறு எந்த வரலாற்று நூலுக்கும் இப்படி, சம்பவம் நடந்த மண்ணிலேயே நின்றபடி படிக்கும் வாசகர்கள் கிடைப்பதில்லை. சாபக் கதையை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவும் ஊர்ப்பேச்சின் ஒரு பகுதி. அதற்குப் பிறகு ஒரு பத்தி ஸ்டீருக்குக் கொடுங்கள்.

நானே ஒரு பெட்டி வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு கட்டமாக அமையும். ஹாம்ப்டன் கேயில் எண்களைச் சேகரிக்கவேண்டும். பெட்டி என்ஸ்லோ பக்கம் இருக்கும். மேடுபள்ளமான அந்த வயல் தொல்லியல் நிலம், அங்கே எதையும் வைக்கக்கூடாது, வைக்கவும் மாட்டேன். மாளிகைச் சுவர்களும் ஆபத்தானவை, தனியார் நிலம். பாதையில் நின்றே பார்க்கவேண்டும். என்ஸ்லோ பக்கம் நில உரிமையாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுமதி வந்ததும் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பவேண்டும், அவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், கொஞ்சம் நாளாகும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இப்போதே நடந்து பார்க்கலாம். குளிர்காலத்தில் செர்வெல் பொங்கி வயலில் ஏறிவிடும், அதனால் ஏப்ரலுக்குப் பிறகு போங்கள். ஆடுகள் மேயும், நாய் இருந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், கதவுகளை மறக்காமல் சாத்துங்கள். மாலையில், வெயில் சாயும் நேரத்தில் போனால்தான் தெரு கண்ணுக்குத் தெரியும்.